இரு வீட்டுப் பிள்ளை: சிங்கப்பூரில் தமிழ்–சீனப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் தமிழர் ஒருவரும் சீனர் ஒருவரும் பெற்றெடுக்கும் பிள்ளையைச் 'சிண்டியன்' என்று சொல்வது பழகிப்போன பேச்சு. அப்படி ஒரு குழந்தையை எதிர்பார்த்திருப்பவர்களுக்கும், இப்போதுதான் கையில் ஏந்தியிருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை. ஒருவர் இந்துத் தமிழர், மற்றவர் புத்த அல்லது தாவோ வழிபாடுள்ள சீனர் என்ற குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதுகிறோம். கிறிஸ்துவக் குடும்பங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

"ரெண்டு பக்கத்துப் பழக்கத்தையும் சொல்லித் தருவோம்" என்று கல்யாணத்தன்று எல்லாரும் சொல்கிறார்கள். பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது பார்த்தால் வீட்டில் ஆங்கிலமும், தீபாவளிக்கு ஒரு உடுப்பும், சீனப் புத்தாண்டுக்கு ஒரு உடுப்பும்தான் மிஞ்சியிருக்கும். ஆசை குறைந்ததால் அப்படி ஆவதில்லை. எந்த வேலைக்கும் ஆள் குறிக்காமல் விட்டதால் ஆகிறது. தமிழில் கதை சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தால் போதாது. யார், எத்தனை மணிக்கு என்பதும் முடிவாக வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே வாருங்கள்.

படி 1: ஏழாம் மாதத்தில் ஒரு தாள்

கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் மூன்று பத்தி கோடு போடுங்கள். முதல் பத்தியில் வழக்கம், இரண்டாவதில் அதைச் செய்யப்போகும் ஆள், மூன்றாவதில் நாள் அல்லது நேரம். மொழி, பெயர், மொட்டை, காதுகுத்து, மாட்டிறைச்சி, சாமி அறை, பண்டிகை, பள்ளி ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். இரண்டாவது பத்தி காலியாக நிற்கும் வழக்கத்தை உங்கள் வீடு கைவிட்டுவிட்டது என்று இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு அதற்காக ஒருவரையொருவர் குறை சொல்ல வேண்டியிருக்காது.

தாள் எழுதி முடித்த பிறகு இரு வீட்டுப் பெரியவர்களிடமும் அவரவர் பிள்ளையே போய்ச் சொல்ல வேண்டும். மருமகளோ மருமகனோ போய்ச் சொன்னால் அதே செய்தி அவமரியாதையாகக் கேட்கும்.

படி 2: முதல் முப்பது நாள்

பத்தியம் இரு பக்கமும் உண்டு. சூடு, குளிர்ச்சி என்று உணவைப் பிரிப்பதும், பிள்ளை பெற்ற உடம்பில் காற்று ஏறக்கூடாது என்பதும் இரு வீட்டுக்கும் பொது. முட்டிக்கொள்வது விவரங்களில்தான். சீன வழக்கத்தில் முப்பது நாள் தலைக்குக் குளிக்கக்கூடாது. தமிழ் வீட்டில் வெந்நீரில் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி காட்டுவார்கள். சீன வீட்டில் பச்சைத் தண்ணீருக்குப் பதில் சிவப்புப் பேரீச்சைத் தேநீர். தமிழ் வீட்டில் பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, பிரசவ லேகியம். கர்ப்ப காலத்தில் பப்பாளியைத் தொடவிடாத தமிழ்ப் பாட்டிக்கு, பால் சுரக்கப் பப்பாளிக்காய் மீன் சூப் வைக்கும் சீனப் பாட்டியைப் பார்த்தால் பதறும். அவர் தடுப்பது பிரசவத்துக்கு முன், இவர் கொடுப்பது பிரசவத்துக்குப் பின். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிச் சச்சரவு அடங்கும்.

குளிப்பதா வேண்டாமா என்பதில் கடைசிச் சொல் பிள்ளை பெற்றவளுடையது.

பிரசவத்துக்குப் பின் தாயையும் குழந்தையையும் கவனித்துக்கொள்ளும் கன்ஃபைன்மென்ட் நேனி வைப்பதானால் வழக்கமாக 28 நாளுக்கு அமர்த்துவார்கள். பெரும்பாலும் மலேசியாவிலிருந்து வருவதால் பல மாதம் முன்பே பேசி வைக்க வேண்டும். பேசும்போதே நான்கு கேள்வி கேளுங்கள்: பன்றிக்கால் வினிகர் இல்லாமல் சமைப்பாரா, பன்றிக்கொழுப்பு சேர்ப்பாரா, சைவத்துக்குத் தனிப் பானை வைப்பாரா, அரிசி மதுவை எந்த அளவு ஊற்றுவார். தாய்ப்பால் கொடுப்பவருக்கு மது வேண்டாம். இஞ்சியும் நல்லெண்ணெயும் போட்டு மது இல்லாமலே கோழி சமைக்கச் சொல்லலாம்.

இனி, யார் மனம் வருந்தினாலும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை. சேனை வைக்கிறோம் என்று நாக்கில் தேன் தடவக்கூடாது. ஒரு வயதுக்குள் தேன், குழந்தைக்கு நரம்பைத் தாக்கும் நச்சுநோயைக் கொண்டுவரலாம். ஆறு மாதம் வரை தண்ணீரும் வேண்டாம். வசம்பை உரைத்து ஊட்ட வேண்டாம், கையில் கட்டினால் போதும். கடைக் கண்மையில் ஈயம் இருக்கலாம். திருஷ்டிப் பொட்டை நெற்றியிலோ பாதத்திலோ வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்குள் இழுக்காதீர்கள். சாம்பிராணிப் புகை குழந்தை இருக்கும் அறைக்கு வரக்கூடாது.

சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் நொதிக் குறைபாடு) உண்டா என்று மருத்துவமனையிலேயே பார்த்துவிடுவார்கள். உண்டு என்று வந்தால் அந்த முடிவை இரு பாட்டிகளுக்கும் அவரவர் மொழியில் எழுதிக் கொடுங்கள். துணி அலமாரியில் பாச்சா உருண்டை கூடாது. ஹுவாங் லியன் போன்ற சில சீன மூலிகைகளும் கூடாது. மஞ்சள் காமாலைக்கு அந்த மூலிகையைக் கொடுப்பது பழைய வழக்கம் என்பதால், அன்பினாலேயே ஆபத்து வரும் இடம் இது.

படி 3: பெயரும் இனப்பதிவும்

பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். 2022 மே 29 முதல் பதிவு இணையத்தில்தான், சான்றிதழும் மின்வடிவில்தான்.

இரு வீடுமே பிறந்த நேரத்தைக் கேட்கும். தமிழ் வீடு நட்சத்திரம் பார்த்து முதல் எழுத்தைச் சொல்லும். சீன வீடு ஜாதகம் கணிப்பவரிடம் போய் எழுத்தின் கோடுகளை எண்ணும். பிரசவ அறையிலேயே நேரத்தை நிமிடத்தோடு குறித்து இருவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். ஒரு பெயராகக் கேட்காமல், ஆளுக்கு ஐந்து பெயர் கொண்ட பட்டியலாகக் கேளுங்கள். ஒற்றைப் பெயர் வந்தால் ஏற்பதா மறுப்பதா என்ற சண்டையாக நிற்கும். பட்டியல் வந்தால் தேர்ந்தெடுக்க இடம் இருக்கும்.

பெயரை முடிவு செய்யும் முன் இரு பக்கத்துக் காதுக்கும் சொல்லிப் பாருங்கள். ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியில் 'சி' என்ற ஒலி, தொனி மாறினால் நான்கு என்றும் ஆகும், சாவு என்றும் ஆகும். 'சி'யில் முடியும் பெயர் ஹொக்கியன் தாத்தாவை உறுத்தலாம். தமிழ்ப் பக்கம் ழகரமும் ளகரமும் உள்ள பெயரைச் சீனத் தாத்தா எப்படிச் சொன்னாலும் சம்மதமா என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். சீனக் குடும்பப் பெயர் முன்னே வருமா பின்னே வருமா, 'மகன்', 'மகள்' என்பதைக் குறிக்கும் எழுத்துகள் (s/o, d/o) இருக்குமா என்பதை ஒரே தடவையில் தீர்த்துவிடுங்கள். சான்றிதழில் உள்ள வரிசைதான் கடவுச்சீட்டுக்கும் பள்ளிக்கும் போகும்.

இனம் என்ற கட்டத்தில் 2011 முதல் 'இந்தியர்–சீனர்' அல்லது 'சீனர்–இந்தியர்' என இரட்டையாகப் பதியலாம். வரிசை அலங்காரத்துக்கு அல்ல. முதலில் வரும் இனத்தைத்தான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கான இன ஒதுக்கீட்டில் கணக்கில் எடுப்பார்கள். பின்னால் மாற்றலாம், 21 வயதுக்கு முன் ஒருமுறை, அதற்குப் பின் ஒருமுறை மட்டும். பிள்ளை வளர்ந்து தானே மாற்றிக்கொள்ளும் உரிமையை மனத்தில் வைத்து, முதல் வாய்ப்பை அவசரத்தில் செலவழிக்காதீர்கள்.

படி 4: முழுமாதமும் மொட்டையும்

சீனர் வீட்டில் முப்பதாம் நாளையொட்டி 'மன் யுவே' என்ற முழுமாதக் கொண்டாட்டம்: சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டை, அங் கூ குவே என்ற சிவப்புப் பலகாரம், உறவினருக்குப் பலகாரப் பெட்டி. அந்த நாளில் தலைமுடி எடுப்பதும் உண்டு. தமிழ் வீட்டில் முடி கோயிலுக்கு நேர்ந்தது. முப்பதாம் நாள் சீனப் பாட்டி முழுக்க மழித்துவிட்டால், தமிழ்ப் பாட்டி நேர்ந்துகொண்ட முதல் முடி போய்விட்டது என்று அழுவார். எளிய வழி ஒன்று உண்டு: முழுமாதத்தன்று ஒரு சிறு கற்றையை மட்டும் வெட்டச் சொல்லுங்கள், மொட்டை கோயிலில் நடக்கட்டும்.

மொட்டைக்கும் காதுகுத்துக்கும் தாய்மாமன் மடி வேண்டும். அம்மா சீனர் என்றால் அவருடைய அண்ணனோ தம்பியோதான் உட்கார வேண்டும். தமிழ்ப் பக்கத்திலிருந்து இன்னொருவரைப் பிடித்து உட்கார வைப்பது பெரிய பிழை. சீனத் தாய்மாமன் தயங்கமாட்டார். 'மேலே வானத்துக் கடவுள், கீழே தாய்மாமன்' என்று ஹொக்கியனிலேயே பழமொழி இருக்கிறது. ஆனால் ஒரு மாதம் முன்பே விவரம் சொல்லுங்கள்: சம்மணமிட்டு உட்கார வேண்டும், வேட்டி கட்ட வேண்டும், தோடும் புதுத் துணியும் அவர் சீர். ஆண் குழந்தைக்குக் காது குத்துவது சீனப் பக்கத்துக்குப் புதிது; இருவரில் ஒருவர் வேண்டாம் என்றால் தள்ளிப்போடுங்கள், துளையைப் பிறகும் போடலாம்.

மொய் விஷயத்தில் ஒரு வார்த்தை. தமிழர் 51, 101 என்று ஒற்றைப்படையில் வைப்பார்கள். சீனர் நல்ல காரியத்துக்கு இரட்டைப்படைதான் வைப்பார்கள், அதிலும் நான்கு வராமல் பார்த்துக்கொள்வார்கள், ஒற்றைப்படை துக்கவீட்டுக்கு. சிவப்பு உறையில் 51 வெள்ளியைக் கண்டு சீன மாமியார் முகம் வாடினால் காரணம் அதுதான். இரு பக்கமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 5: உறவு சொல்லி அழைப்பது

ஆங்கிலத்தில் எல்லாரும் அங்கிள், ஆன்ட்டி. தமிழிலும் சீனத்திலும் அப்படி இல்லை; இரண்டு மொழியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி உறவைப் பிரிக்கின்றன. பெரியப்பா மாண்டரினில் 'போபோ', சித்தப்பா 'ஷூஷூ', தாய்மாமன் 'ஜியூஜியூ', அப்பாவின் உடன்பிறந்த அத்தை 'கூகூ'. அப்பா வழித் தாத்தா 'யேயே', பாட்டி 'நைநை'. அம்மா வழி 'வைகோங்', 'வைபோ'. ஹொக்கியன் வீட்டில் 'ஆகோங்', 'ஆமா'. ஆகவே பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை ஆகாது. ஒரே வரைபடத்துக்கு இரண்டு பெயர்.

குழப்பம் வரும் இடங்களை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். 'மாமா' என்றால் மாண்டரினில் அம்மா. ஹொக்கியன் 'ஆமா' நம் 'அம்மா'வோடு ஒட்டிக்கொள்ளும். கான்டோனீஸ் வீட்டில் அம்மாவைப் பெற்ற பாட்டி 'போபோ'. பாட்டியைப் பார்த்துப் பேரன் "போ போ" என்றால் தமிழ்த் தாத்தா அதட்டப் பார்ப்பார். இரண்டு வயதுக்குள் பிள்ளை ஆளைப் பார்த்துச் சொல்லை மாற்றக் கற்றுக்கொள்ளும். பெரியவர்கள் சிரிக்காமலும் திருத்தாமலும் இருந்தால் போதும். முகப்படங்கள் ஒட்டிய ஓர் அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒவ்வொரு முகத்தின் கீழும் அந்த ஆளை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதை மட்டும் எழுதுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. சீன வீட்டில் சாப்பாட்டில் கை வைக்கும் முன் பிள்ளை ஒவ்வொரு பெரியவரையும் உறவு சொல்லி அழைத்துச் சாப்பிடச் சொல்ல வேண்டும். தமிழ் வீட்டில் இப்படி ஒரு வழக்கம் இல்லாததால் தமிழ்ப் பெற்றோருக்கு இது கண்ணில் படுவதே இல்லை; பிள்ளை அழைக்காவிட்டால் சீன வீட்டில் அதை வளர்ப்புக் குறையாக எண்ணுவார்கள். மறுபக்கம், மாமன் மகளைக் காட்டி "உன் முறைப்பொண்ணு" என்று தமிழ் உறவினர் கேலி செய்வது சீனப் பெற்றோருக்கு அருவருப்பாக இருக்கும். அதை நிறுத்தச் சொல்வது தமிழ்ப் பெற்றோரின் வேலை.

படி 6: மொழி

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசியது ஆங்கிலம்; மாண்டரின் 29.9, தமிழ் 2.5. உங்கள் இருவருக்கும் பொதுமொழி ஆங்கிலமாகத்தான் இருக்கும். அதைப் பிள்ளைக்குக் கற்றுத்தர யாரும் மெனக்கெட வேண்டாம், தானே வரும். மாண்டரின் கடையிலும் மின்தூக்கியிலும் காதில் விழும். தமிழ் அப்படி வராது. ஆகவே முயற்சியைச் சரிபாதியாகப் பிரிப்பது நியாயம்போலத் தோன்றும், விளைவில் தமிழைக் கைவிடுவதாக முடியும். தமிழுக்கு இரண்டு பங்கு, மாண்டரினுக்கு ஒரு பங்கு என்பது எங்கள் பரிந்துரை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை நாளுக்கு ஏறத்தாழ பத்து, பதினொரு மணி நேரம் விழித்திருக்கும். பேசும் அளவுக்கு ஒரு மொழி ஊற, விழித்திருக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது அதில் கழிய வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு இரண்டு மணிக்கு மேல். காலை குளிப்பாட்டி உடுத்த அரை மணி, மாலை பாலர் பள்ளியிலிருந்து அழைத்துவர அரை மணி, சாப்பாடு முக்கால் மணி, படுக்கைக் கதை அரை மணி. இந்த நான்கு வேலையும் தமிழ் பேசுபவர் கையில் இருந்தால் கணக்கு நேராகும். வேலை முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்பும் அப்பாதான் தமிழ் பேசுபவர் என்றால் நேராகாது. அப்போது வாரம் மூன்று நாளாவது தமிழ்ப் பாட்டி வீடு, அல்லது தமிழ் பேசும் இல்லப் பணிப்பெண் என்று ஏற்பாடு வேண்டும். வசந்தம் ஒளிவழியும் ஒலி 96.8ம் துணைக்கு இருக்கலாம். பெட்டி பேசுவதை ஐந்தில் ஒரு பங்கில் சேர்க்காதீர்கள், அது பிள்ளைக்குப் பதில் சொல்லாது.

சீனப் பக்கத்துத் தாத்தா பாட்டி பேசுவது மாண்டரின்தானா என்று பாருங்கள். 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கும் முன் வளர்ந்தவர்களுக்கு ஹொக்கியன், தியோச்சியூ, கான்டோனீஸ்தான் நாவில் வரும். பேரனோடு பாட்டி திக்கித் திக்கி மாண்டரின் பேசுவதைவிட, தன் மொழியில் கொஞ்சுவது நல்லது. பள்ளிக்கு உதவாது என்று தடுக்காதீர்கள்.

கலந்து பேசினால் பதற வேண்டாம். "அம்மா, ஐ வாண்ட் தண்ணி" என்பது மொழி வளரும் அடையாளம். சிரமமான கட்டம் இரண்டரை வயதிலிருந்து நான்கு வரை. பாலர் பள்ளி போகத் தொடங்கியதும் தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் வரும். "தமிழ்ல சொல்லு" என்று மிரட்டினால் வாயை மூடிக்கொள்ளும். பிள்ளை சொன்னதையே தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள். தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவரோடு வாரம் ஒருமுறை நேரில் இருக்கும்படி செய்தால் பேச்சு திரும்பி வரும். பல மொழி பேசுவதால் பேச்சு தாமதமாகாது. எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஒன்றரை வயதிலும் ஒரு சொல் வரவில்லை, இரண்டு வயதிலும் இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால் காத்திருக்காமல் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள்.

படி 7: தொடக்கநிலை ஒன்றுக்குப் பதியும்போது

ஏழு வயது நிறையும் ஆண்டில் பள்ளி தொடங்கும். பதிவு அதற்கு முந்திய ஆண்டின் நடுவில். இரட்டை இனப் பதிவுள்ள பிள்ளை தமிழ், சீனம் இரண்டில் ஒன்றைத் தாய்மொழிப் பாடமாக எடுக்கலாம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் நான்கு பாடத்தில் ஒன்று அது.

வேலைக்கு உதவும் என்பதற்காகச் சீனத்தைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் நிறைய. நாங்கள் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: மாலை ஏழு மணிக்குப் பிள்ளையோடு மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் பார்க்கப்போவது யார்? அவருக்கு எழுதப் படிக்கத் தெரிந்த மொழியை எடுங்கள். சீன மொழி பேசுவார், எழுத்து மறந்துவிட்டது என்கிற சீனப் பெற்றோர் உண்டு. தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது என்கிற தமிழ்ப் பெற்றோரும் உண்டு. இருவருக்குமே எழுத்து வராது என்றால் துணைப்பாடச் செலவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன் அங்கே தமிழ் உண்டா என்று தொலைபேசியில் கேளுங்கள். சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடம் சீனம் மட்டும்தான். தாத்தா படித்த பள்ளி என்று அங்கே சேர்த்தால் மொழியும் அதோடு முடிவாகிவிடும். தமிழை எடுப்பவர்கள் நான்கு வயதிலிருந்தே நூலகத்துத் தமிழ்ப் படப்புத்தகங்களைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். வீட்டில் "வந்துட்டேன்" என்று கேட்ட பிள்ளைக்குப் புத்தகத்தில் "வந்துவிட்டேன்" புது மொழிபோல இருக்கும்.

படி 8: சோறும் நாள்காட்டியும்

மாட்டிறைச்சி பெரும்பாலும் சிக்கலாகாது. கருணைத் தெய்வமான குவான்யினை வழிபடும் சீனர் பலரும் அதைத் தொடுவதில்லை. பன்றிதான் பேசித் தீர்க்க வேண்டியது. 'எங்கள் வீட்டில் சமைப்பதில்லை, ஆகோங் வீட்டில் அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடலாம்' என்பதுபோல இடத்தை வைத்து விதி வகுத்தால் மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். கையால் சாப்பிடும்போது இடக்கை கூடாது, சோற்றில் சாப்ஸ்டிக்கைச் செங்குத்தாகக் குத்தக்கூடாது: இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக் கொடுக்கலாம். பிள்ளைக்கே இடக்கைப் பழக்கம் என்றால் விட்டுவிடுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரிலேயே, அடுத்த ஆண்டின் தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். 2025இல் புத்தாண்டு ஜனவரி 29, தைப்பூசம் பிப்ரவரி 11. காவடிக்கு விரதம் இருப்பவருக்குக் குடும்ப ஒன்றுகூடல் விருந்து நட்ட நடுவில் வந்தது. சைவத்தில் ஒரு ஸ்டீம்போட் பானை முன்கூட்டியே கேட்டு வைக்கலாம்; விருந்துக்கே போகாமல் இருப்பதுதான் மனத்தைப் புண்படுத்தும். ஆடி மாதத்தில் தமிழர் நல்ல காரியம் செய்வதில்லை, பசித்த ஆவிகள் மாதத்தில் சீனர் செய்வதில்லை. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை நாளே கிடைக்காது. காதுகுத்து, புதுமனை எல்லாம் ஜூனுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

படி 9: துக்கம் வரும்போது

இதை யாரும் முன்கூட்டிப் பேச விரும்புவதில்லை. ஆனால் தாத்தா இறக்கும் நாளில் பேச நேரம் இருக்காது. சீனர் வீட்டில் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மூன்று, ஐந்து அல்லது ஏழு நாள் இறுதிச்சடங்கு நடக்கும். பேரப்பிள்ளைகளுக்கு உறவுமுறைப்படி தனி நிறத்தில் உடை. பெண்களும் குழந்தைகளும் மண்டாய் தகனச்சாலை வரை போவார்கள். தமிழ் வீட்டில் பெரும்பாலும் ஓரிரு நாளில் தகனம், பல குடும்பங்களில் பெண்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள், பதினாறாம் நாள் கருமாதி. அந்த ஆண்டு முழுக்கப் பண்டிகை இல்லை, கோயில் இல்லை என்பது தமிழ்த் தீட்டுக் கணக்கு; சீனருக்கு அது வேறு கணக்கு. யார் இறந்தாரோ அவர் வீட்டு முறையையே இருவரும் பிள்ளையும் பின்பற்றுவது என்று இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு என்ன பார்க்கப்போகிறது, எந்த உடை, எப்போது ஊதுபத்தி கொடுப்பார்கள் என்பதை முந்தின இரவே சொல்லுங்கள். மாமியார் பக்கத்துப் பேரன் சும்மா நிற்கிறான் என்று யாரும் சொல்லாதபடி, அவன் கையில் ஒரு வேலை இருக்கட்டும்.